திரும்பக் கேட்ட மெஷின்

போன எடுத்துப் பேசலாம்லம்மா. எம்புட்டு நேரமா அடிக்குது. தெரியாத நம்பரா? அது சரி. உன்னயக் குத்தம் சொல்லல. தெரியாத நம்பர்னா எடுக்கவே மாட்டேன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதான் நானும். இப்ப எல்லாத்தையும் எடுக்கறேன். லோன் வேணுமான்னு கேக்குற பிள்ள, மனை வாங்குறீங்களான்னு கேக்குற பையன், எல்லாத்துக்கும் "வேணாம் சாமி, நல்லா இரு"ன்னு சொல்லிட்டுத்தான் வைக்கிறது. எம் மருமக கேலி பண்ணுவா. பண்ணிட்டுப் போகட்டும்.

நீ திண்டுக்கல்லு வரைக்குமா? நான் கிட்டக்கத்தான் இறங்கணும். அதுவரைக்கும் பேசிக்கிட்டு வர்றேன். காது வலிச்சா சொல்லிரு.

எம்பேரு பவுனுத்தாய். எங்க ஊரு மகளிர் குழுவுக்கு நாந்தான் தலைவி. எங்க குழுவுல எல்லாரும் தோப்பு வேலைக்குப் போறவங்க. மாந்தோப்பு, தென்னந்தோப்பு. நாந்தான் அதுல பத்தாவது வரைக்கும் படிச்சவ. அதனால பேங்க்குக்குப் போறது, ஆபீசுல பேசுறது, வந்த கடுதாசியப் படிச்சுச் சொல்றது எல்லாம் என் தலையில. நான் சொன்னா சரின்னு கேட்டுக்குவாங்க. கேட்டுக்கிட்டாங்கல்ல, அதுல எனக்கு ஒரு கெறக்கம் வந்துருச்சு. இப்பத் தெரியுது.

மழை பேஞ்சா தோப்புல புல்லு இடுப்பு ஒசரம் நிக்கும். முன்னெல்லாம் குனிஞ்சு அருவாளால அறுப்போம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நிமிர முடியாது. குழுவுல பேசி, புல்லு வெட்டுற மெஷின் ஒண்ணு வாங்கினோம். பாத்திருப்பியே, தோள்ல வாரப் போட்டு மாட்டிக்கிட்டு, நீளமா ஒரு குழாய், அது முனையில வட்டமாப் பிளேடு சுத்தும். நத்தத்துல ஷாஜகான் பாய் கடையில வாங்கினது. வாங்கிட்டு வந்து வச்சா, ஓட்ட ஒருத்தியும் முன்னால வரல. சத்தத்தக் கேட்டே பயந்துட்டாளுக. முருகாயிதான் வந்தா.

முருகாயி பேசவே மாட்டா. கூட்டத்துல ஓரமா உக்காந்து புல்லப் புடுங்கிக்கிட்டு இருப்பா. வீட்டுக்காரரு கேரளாவுல வேலை, வந்தா வருவாரு, இல்லைன்னா இல்ல. மக நர்ஸு படிக்குது. அவ எந்திரிச்சு, "நான் பழகிக்கிறேன்கா"ன்னா. ஒரு வாரத்துல பழகிட்டா. அவ மெஷின மாட்டிக்கிட்டுத் தோப்புல எறங்கினா, ரோட்டுல போற ஆம்பளைக வண்டிய நிப்பாட்டிப் பாப்பாங்க. பக்கத்து ஊர்லருந்தெல்லாம் கூப்பிட்டு விட்டாங்க. நானும் கூடப் போயி, தோப்புக்காரருகிட்ட "எங்க குழு மெஷின்"னு சொல்லிக்கிட்டு நிப்பேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். அதச் சொல்லாட்டி நான் ஏன் அப்படி நடந்தேன்னு உனக்குப் புரியாது.

அதுக்கு முந்தின வருசம் எனக்கு ஒரு போன் வந்துச்சு. பேங்க்குலருந்து பேசுறோம்னான். ஏடிஎம் கார்டு முடங்கப் போகுது, மெசேஜுல வந்த நம்பரச் சொல்லுங்கன்னான். சொன்னேன். படிச்சவ, குழுத் தலைவி, கூட்டத்துல மத்தவளுகளுக்குப் புத்தி சொல்றவ, அட்சரம் பிசகாமச் சொன்னேன். எம் பேர்ல இருந்ததெல்லாம் துடைச்சுட்டுப் போயிட்டான். போனது கூடப் பெருசில்லம்மா. டீக்கடையில உக்காந்துக்கிட்டு, "பவுனக்கா, இன்னைக்கு யாருக்கு நம்பர் சொன்னீங்க?"ன்னு கேப்பானுக. நான் கடைவீதிக்குப் போறத விட்டுட்டு, பின்னாடி வாய்க்கா வழியா சுத்திப் போயிட்டு வருவேன். அம்புட்டுக் கூச்சமாப் போச்சு.

அதுலருந்து நான் அப்படியே மாறிட்டேன். கூட்டம் போட்டா மொதப் பேச்சு அதுதான். எவன் பேசினாலும் நம்பாதீக, இலவசம்னா நம்பாதீக, நம்பர் கேட்டா வெட்டி விடுங்க. வேற பேச்சே கிடையாது.

அந்த நேரத்துலதான் மெஷினப் பத்தி மெசேஜு வந்துச்சு. வாங்கும்போது என் நம்பரத்தான் குடுத்திருந்தோம். தமிழ்லதான் இருந்துச்சு. கூட்டத்துல சத்தமாப் படிச்சேன். "பாதுகாப்பு கருதித் திரும்பப் பெறுதல் அறிவிப்பு. தாங்கள் வாங்கிய மெஷினில் பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு கழன்றுவிட வாய்ப்புள்ளது. பயன்படுத்துவதை உடனே நிறுத்தவும். வரிசை எண்ணைத் தெரிவிக்கவும். இலவசமாக மாற்றித் தரப்படும்." கீழ நீலக் கலர்ல ஒரு லிங்க்கு.

நான் படிச்சது எப்படித் தெரியுமா? ஒவ்வொரு வார்த்தைக்கும் நிப்பாட்டி, ஒரு நக்கல் பண்ணிப் படிச்சேன். "நம்பரச் சொல்லணுமாம். ஏன், ஓடிபியும் சொல்லவா? இலவசமாம். எவன் இலவசமாத் தருவான், எங்கப்பனா?" எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தி கேட்டா, திரும்பப் பெறுதல்னா மெஷினப் புடுங்கிட்டுப் போறதாக்கான்னு. எங்க ஊருப் பக்கம் ஒரு பொருள் திரும்பப் போகுதுன்னா தவணை கட்டலன்னுதான் அர்த்தம். டிராக்டர எடுத்துட்டுப் போனா, பைக்க எடுத்துட்டுப் போனா, அந்த வீட்டுக்காரங்க தெருவுல தலை காட்ட முடியாது. "நாமதான் மொத்தமாக் கட்டி வாங்கிட்டோமே, எவன் வந்து எடுப்பான்? எடுத்துட்டுத்தான் போகட்டுமே பாப்போம்"னேன்.

முருகாயி அப்பத்தான் வாயத் தொறந்தா. "பாய் கடையில ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருவமேக்கா. அதுவரைக்கும் நான் ஓட்டாம இருக்கேன்."

எம்புட்டுச் சின்ன விசயம் பாரு. லிங்க்க அமுக்கச் சொல்லல, நம்பர் சொல்லச் சொல்லல. வாங்கின கடையில போயிக் கேளுன்னா. பஸ்ஸு ஏறினா கொஞ்ச நேரத்துல போயிரலாம். ஆனா நான் அம்புட்டு நேரம் பேசி முடிச்சிருக்கேன், எல்லாரும் சிரிச்சிருக்காங்க, அதுக்கப்புறம் இவ எந்திரிச்சு இப்படிச் சொன்னா என் பேச்சு என்ன ஆகுறது? "உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமாடி? தெரியும்னா இந்தா, நீ படிச்சு வெளக்கம் சொல்லு"ன்னு போன அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். "மெஷினப் பாத்துப் பயமா இருந்தா சொல்லிரு, வேற ஆளப் பாத்துக்கறோம்"னேன்.

அதுக்கும் சிரிச்சாங்க. அவ உக்காந்து திரும்பப் புல்லப் புடுங்க ஆரம்பிச்சுட்டா. மறுநா விடிஞ்சதும் மெஷினத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போயிட்டா.

அதுக்கப்புறம் போன் வந்துச்சு. ஒரு பொம்பளப் பிள்ள. குரலக் கேட்டா எம் மக வயசு இருக்கும். நான் வேணும்னே ஸ்பீக்கர்ல போட்டேன், நாலு பேரு கேக்கட்டும்னு. "மேடம், உங்க மெஷினுக்கு அடியில சின்னத் தகடு ஒண்ணு இருக்கும், அதுல இருக்கிற நம்பர மட்டும் பாத்துச் சொல்றீங்களா?"ன்னுச்சு. நான் புடிச்சுக்கிட்டேன். என்னென்ன வாயில வந்துச்சோ அம்புட்டையும் சொன்னேன். "உங்கம்மா இதுக்குத்தான் உன்னயப் பெத்தாளா"ன்னு கூடக் கேட்டேன். அந்தப் பிள்ள அழுகுற மாதிரி, "மேடம், நீங்க நம்பரே சொல்ல வேணாம். அந்த மெஷின மட்டும் ஓட்டாம வச்சிருங்க"ன்னுச்சு.

யோசிச்சுப் பாரு. ஏமாத்துறவ எவளாவது நம்பர் வேணாம்னு சொல்லுவாளா? அங்க நின்ன ஒருத்திக்கும் அது தோணல. எனக்கும் தோணல. நான் வெட்டி விட்டுட்டு, அந்த நம்பரு இனி வரவே முடியாதபடி பண்ணிட்டேன். எம் மகன் சொல்லிக் குடுத்திருந்தான், எப்படித் தடுக்குறதுன்னு. ஒவ்வொரு நம்பரா வரும், ஒவ்வொண்ணாத் தடுப்பேன்.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? நல்லா இருந்துச்சும்மா. பொய் சொல்லக் கூடாது. டீக்கடையில, "பவுனக்காகிட்ட எவனும் இனி வாலாட்ட முடியாது"ன்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் வாய்க்கா வழிய விட்டுட்டுக் கடைவீதி வழியாவே போனேன். போற வழியில கூப்பிட்டு வச்சு, அந்தப் பிள்ளைய நான் எப்படித் திட்டினேன்னு திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. நானும் ஒண்ணு ரெண்டு சேத்துச் சொன்னேன்.

முருகாயிக்கு அடிபட்டது ஒரு மாந்தோப்புல. காலையில. நானும் அங்கதான் இருந்தேன், தோப்புக்காரரோட பேசிக்கிட்டு. மெஷின் சத்தம் ஒரு மாதிரி ஏறிச்சு. கல்லுல பட்ட மாதிரி டணார்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா முருகாயி மெள்ள உக்காருறா. வரப்புல உக்காருவோம்ல, அது மாதிரி. கத்தல. முழங்காலுக்குக் கீழ பொடவை நனைஞ்சு போச்சு. ஓடினேன். மெஷின் இன்னமும் ஓடிக்கிட்டுக் கிடக்கு, பிளேடு இல்லாம, வெறும் குழாய் தரையில கிடந்து துடிக்குது.

"அக்கா, அத ஆஃப் பண்ணு"ன்னா.

எனக்கு எங்க அமுக்கணும்னு தெரியலம்மா. எங்க குழு மெஷின், எங்க குழு மெஷின்னு ஊரு ஊராச் சொன்னவ. ஒரு தரம் கூட அதக் கையில தொட்டதில்ல. குனிஞ்சு தடவுறேன், எதையோ திருகுறேன், சத்தம் இன்னும் கூடுது. முருகாயி அந்தக் காலோட ஊந்து வந்து, அவளே அமுக்கி நிப்பாட்டினா.

தோப்புக்காரரு கார்லதான் கொண்டுபோனோம். எலும்புல பட்டு, நரம்பு அறுந்திருந்துச்சு. பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணினாங்க. கால எடுக்காமக் காப்பாத்திட்டாங்க. ஆனா பாதத்த முன்ன மாதிரித் தூக்க முடியாது, இழுத்து வச்சுத்தான் நடக்கணும்னாங்க.

நான் என்ன பண்ணினேன் கேளு. மெஷின ஆட்டோவுல போட்டுக்கிட்டுப் பாய் கடைக்குப் போனேன். சண்டை போட. ஆமா, சண்டை போடத்தான். இப்படி மோசமான மெஷினக் குடுத்துட்டியேன்னு கேக்கணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுப் போனேன். அந்த மெசேஜெல்லாம் என் நெனப்புலயே இல்ல. இருந்திருக்கும், நாந்தான் அமுக்கி வச்சிருந்தேன்.

போயி எறங்கினா, கடை வாசல்ல எங்க மெஷின் மாதிரியே வரிசையா அடுக்கி வச்சிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு அட்டையக் கட்டி, பேரும் ஊரும் எழுதியிருக்கு. சேத்தூரு, செந்துறை, சிறுகுடி. எல்லா ஊர்க்காரனும் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்கான். அதுல பாதிப் பேரு கைநாட்டா இருப்பான். செவுத்துல பெருசா அந்த நோட்டீஸ ஒட்டியிருக்கு, எனக்கு வந்த அதே வாசகம். நான் நக்கல் பண்ணிப் படிச்ச அதே வாசகம்.

பாய் என்னயப் பாத்ததும் எந்திரிச்சு வந்துட்டாரு. "அக்கா, உங்களத்தான் தேடிக்கிட்டிருந்தோம். உங்க நம்பருக்குப் போகவே மாட்டேங்குது. நானே நேர்ல வந்திருக்கணும், நோன்பு நேரம், கடையில ஆளில்லாமப் போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன்னு கேக்காத. வாயில வந்துருச்சு. "பிளேடு எங்கக்கா?"ன்னாரு. கழட்டி வச்சிருக்கேன்னேன். அவரு மெஷினத் திருப்பிப் பாத்தாரு. பிளேடுக்கு மேல இருக்கிற மூடியில ரத்தம் காஞ்சு போயி இருந்துச்சு. தொடச்சுட்டுக் கொண்டாரணும்னு கூட எனக்குத் தோணியிருக்கல. அவரு ஒண்ணும் கேக்காம உள்ள போயி, தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

குடிச்சுட்டுக் கேட்டேன், "பாய், இந்தத் திரும்பப் பெறுதல்னா என்னதான் அது?"ன்னு.

"கம்பெனிக்காரன் தான் செஞ்சதுல தப்பு இருக்குன்னு தானே சொல்றதுக்கா. எல்லா மெஷினும் இல்ல, இந்த நம்பர்லருந்து இந்த நம்பர் வரைக்கும்னு இருக்கும். அதுக்குத்தான் நம்பர் கேக்கறது. உங்களுது அதுல இருந்தா ஓட்டாதீங்க, கடைக்குக் கொண்டாங்க, சும்மா மாத்தித் தர்றோம்ங்கறது. சந்தேகமா இருந்தா லிங்க்க விட்டுட்டு எனக்குப் போன் போட்டிருந்தாப் போதும். நம்ம ஊர்ல எவனும் தன் தப்ப நாலு பேரு முன்னால சொல்ல மாட்டான்ல, அதான் ஒருத்தன் சொன்னா நமக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது"ன்னாரு.

நல்லாத்தான் சொன்னாரு. நான் கூட அத நிறைய பேருகிட்டச் சொல்லியிருக்கேன்.

அப்புறம் அவரே கம்பெனிக்குப் போன் போட்டு என் கையில குடுத்தாரு. எடுத்தது அதே பிள்ள. குரல் தெரிஞ்சுருச்சு. அதுக்கு மேல மறைக்க முடியல, நடந்ததச் சொன்னேன். மறுபடி மறுபடி, "அந்த அக்கா இப்ப எப்படி இருக்காங்க? நடக்குறாங்களா?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, "இந்த மெஷினுக்குக் குடுத்திருந்த நம்பர்ல முன்னாடி ஒரு மேடம்கிட்டப் பேசினேன்..."ன்னு இழுத்துச்சு. "அது எங்க மாமியாரு"ன்னேன். எங்க மாமியா செத்து வருசக்கணக்காச்சு. "அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க மேடம், பயந்திருப்பாங்க, பாவம்"னுச்சு அந்தப் பிள்ள.

கம்பெனியிலருந்து ஆளுக ஆஸ்பத்திரிக்கே வந்தாங்க. செலவ நாங்க ஏத்துக்கறோம்னாங்க. கேட்டாங்க, "உங்களுக்கு அறிவிப்பு வந்து சேந்துச்சாம்மா?"ன்னு. நான் பிளாஸ்க்கு காப்பிய ஆத்திக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன். முருகாயி என்னயப் பாக்கல. "வந்துச்சு சார். எங்களுக்குப் புரியல"ன்னா.

எங்களுக்காம்.

அன்னைக்கு என்னயத் தூக்கிப் போட்டு மிதிச்சிருந்தா கூட நான் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைய இன்னமும் என்னால தாங்க முடியலம்மா.

மன்னிப்புக் கேட்டீங்களான்னா? அது... சோறு கொண்டு போனேன். தினமும் கொண்டு போனேன். குழம்பு, பொரியல், ரசம். அவ துணிய நாந்தான் தொவைச்சேன். காலப் புடிச்சு எண்ணெய் தேச்சு விட்டேன். அவ வேணாம்னாலும் விடல. கூட்டத்துல, இனிமே எல்லாரும் போன எடுத்துப் பேசுங்கன்னு சொல்லிட்டேன். ஏன்னு யாரும் கேக்கல. அவளுக்குத் தெரியாதா, நான் என்ன நெனைக்கிறேன்னு. வாயால சொன்னாத்தானா?

புது மெஷின் வந்துச்சு. அத நான் வாங்கி எங்க வீட்டு உள்ரூம்புல வச்சுப் பூட்டிட்டேன். இனிமே யாரும் அதத் தொடக் கூடாதுன்னுட்டேன். முருகாயி நடக்க ஆரம்பிச்சதும் ஒரு தரம் கேட்டா, மெஷின் எங்கக்கான்னு. "உன் காலுதான் முக்கியம், பேசாம இரு"ன்னேன். தோப்புக்காரங்க கூப்பிட்டாங்க, இல்லன்னுட்டேன். அவங்க வேற ஊர்லருந்து ஆம்பள ஆளக் கொண்டாந்து வெட்டிக்கிட்டாங்க. முருகாயி மக படிப்பு நின்னுரும் போல இருக்குன்னு யாரோ சொன்னாங்க. நான் ஒரு மூட்டை அரிசி எறக்கி விட்டுட்டு வந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தா. காலை இழுத்து இழுத்து, அம்புட்டு வெயில்ல. உள்ள வாடின்னேன். வரல. நெலப்படியப் புடிச்சுக்கிட்டு நின்னா.

"ரூம்புச் சாவியக் குடுக்கா."

"எதுக்கு?"

"வேலைக்குப் போகணும்."

"உனக்குக் கிறுக்கா? திரும்பவும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் உசுரோட இருக்கவா?"

"புதுசுல நட்டு மாத்தியிருக்கு. பாய்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"நான் பாத்துக்கறேன் முருகாயி உன்னய. என் காலம் வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அவ சொன்னா, "காலு என்னோடதுக்கா. வெக்கம் உன்னோடது. உன் வெக்கத்துக்கு நான் எம்புட்டு நாளு வீட்டுல உக்காந்திருக்கிறது?"

சாவிய எடுத்துக் குடுத்தேன். அவளே தொறந்து, அவளே தூக்கித் தோள்ல மாட்டினா. வாரு நீளத்த மாத்திக்கிட்டா, இடுப்பு ஒரு பக்கமாச் சாயுதுல்ல. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி, "குழம்பு கொண்டாறதையும் நிப்பாட்டிரு. உனக்கு உப்பு நிதானமே கிடையாது"ன்னா. அத்தன மாசமும் ஒரு வார்த்த சொன்னதில்ல, தின்னுருக்கா.

வேலைக்குப் போன மொத நாளு நானும் தோப்புக்குப் போயி ஓரமா நின்னேன். ஏதாச்சும் ஆனா ஆஃப் பண்ணவாவது, இப்பத்தான் கத்துக்கிட்டேன்ல. அவ பாத்துட்டா. மெஷின நிப்பாட்டிட்டு வந்து, "நீ நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது. வீட்டுக்குப் போ"ன்னா. மறுநாளும் போனேன். அன்னைக்குப் பாதி வேலையில மெஷினக் கழட்டி வச்சுட்டு உக்காந்துட்டா, நான் போற வரைக்கும். அதுக்கப்புறம் போறதில்ல.

இப்பக் கிட்டக்க வந்துட்டோம். அந்த வளைவுல ஒரு தோப்பு வரும், ரோட்ட ஒட்டி. இந்த வாரம் அங்கதான் வேலை. அதுக்குத்தான் இந்தப் பஸ்ஸு. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, எதுக்க வர்ற வண்டியில திரும்பிருவேன். திரும்பும்போதும் ஒரு தரம் தெரியும். கண்டக்டரு என்னைக்காவது கேப்பாரு, எங்கதான் போயிட்டுப் போயிட்டு வர்றீங்கன்னு. மாத்திர வாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

கொஞ்சம் ஜன்னலுக்கு வழி விடும்மா. அந்தா, பச்சை வேலிக்கு அங்கிட்டு. மரத்துக்கு நடுவுல பாரு. தெரியுதா? தலையில துண்டக் கட்டிக்கிட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்குறா பாரு, அவதான். நல்லாத்தான் வெட்டுறா. நல்லாத்தான் இருக்கா.

தலைய உள்ள இழுத்துக்கம்மா. நிமிருறா. பாத்துறப் போறா.